வீட்டில் பார்ப்பவரையும் கணக்கில் சேர்ப்பது: காரைக்கால் உள்ளாட்சிகளுக்கான திட்டமிடல்

பக்கவாதத்தில் ஒரு பக்கம் விழுந்துபோன கணவர், மறதி நோய் முற்றிய மாமியார், மூளை முடக்குவாதத்தோடு பிறந்த மகன், இனிச் செய்வதற்கில்லை என்று ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு அனுப்பப்பட்ட தகப்பனார்: இப்படி ஒருவரைச் சம்பளமின்றி வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளும் உறவினரே குடும்பப் பராமரிப்பாளர். பெரும்பாலான வீடுகளில் அவர் ஒரு பெண். மனைவி, மருமகள், கல்யாணமாகாத மகள், சில வீடுகளில் பள்ளிக்கூடத்திலிருந்து நின்றுவிட்ட பேத்தி. நோயாளியின் பெயர் மாற்றுத்திறனாளி அடையாள அட்டை, ஓய்வூதியப் பட்டியல், ஆஸ்பத்திரிச் சீட்டு என்று ஏதாவது ஓர் இடத்தில் பதிவாகியிருக்கும். பார்ப்பவரின் பெயர் எந்தப் பதிவேட்டிலும் இருக்காது. உள்ளாட்சியின் திட்டம் அந்தப் பெயரை எழுதுவதிலிருந்து தொடங்குகிறது.

பராமரிப்பில் போகும் நேரத்துக்கு நாடு தழுவிய கணக்கு உண்டு. தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, வீட்டாரைப் பராமரிக்கும் வேலையில் ஈடுபடும் பெண்கள் நாளுக்குச் சராசரியாக 134 நிமிடமும் ஆண்கள் 76 நிமிடமும் அதற்குச் செலவிடுகிறார்கள். சமையல், துவையல் போன்ற வீட்டுவேலையில் இந்த இடைவெளி 299க்கு 97 நிமிடம். இந்தச் சராசரியில் குழந்தை வளர்ப்பும் அடங்கும். படுத்த படுக்கையான ஒருவரைப் பார்ப்பவருக்கு 134 நிமிடம் காலைப்பொழுதிலேயே தீர்ந்துவிடும்.

சட்டம் தரும் பிடிமானம்

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் பராமரிப்பாளருக்கு வரையறை தருகிறது. பெற்றோரும் மற்றக் குடும்பத்தாரும் உட்பட, ஊதியம் பெற்றோ பெறாமலோ மாற்றுத்திறனாளிக்கு உதவும் எவரும் அந்த வரையறைக்குள் வருவர். அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி வழங்கும் திட்டத்தை அரசு வகுக்க வேண்டும் என்கிறது அதன் 24ஆம் பிரிவு. அரசின் பொருளாதார வரம்புக்கு உட்பட்டு என்ற வாசகமும் அதே பிரிவில் இருக்கிறது; நிதித்துறைகள் முதலில் படிப்பது அதைத்தான். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மனநோயாளியின் குடும்பத்துக்கு ஆதரவு தரும் சேவைகளையும் அரசின் கடமைகளில் ஒன்றாகச் சேர்க்கிறது. 1999ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் உள்ளூர்க் குழு அமைகிறது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகை ஊனம் உள்ளவர்களுக்குச் சட்டப்படியான காப்பாளரை நியமிப்பது அந்தக் குழுவின் வேலை.

அரசியலமைப்பின் 11ஆம் அட்டவணையும் 12ஆம் அட்டவணையும் மாற்றுத்திறனாளிகளின் நலனை ஊராட்சி, நகராட்சிகளுக்கு ஒப்படைக்கத்தக்க பணிகளுள் வைத்திருக்கின்றன. ஆகவே இது எங்கள் வேலை அல்ல, சமூகநலத் துறையின் வேலை என்று ஓர் உள்ளாட்சி கையை விரிக்க முடியாது. ஓய்வூதியம் துறையின் வேலைதான். ஆனால் எந்தத் தெருவில் எந்த வீட்டில் யார் படுத்திருக்கிறார், அவருக்கு யார் சோறூட்டுகிறார் என்பது உள்ளாட்சிக்குத்தான் தெரியும், அல்லது தெரிந்திருக்க வேண்டும்.

காரைக்காலில் திட்டமிட யார் இருக்கிறார்கள்

காரைக்கால் மாவட்டத்தின் பரப்பு ஏறத்தாழ 160 சதுர கிலோமீட்டர். 2011 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 2,00,222. ஒரு நகராட்சியும், திருநள்ளாறு, நிரவி, நெடுங்காடு, கோட்டுச்சேரி, திருமலைராயன்பட்டினம் ஆகிய ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகளும் இங்கு உள்ளன. கொம்யூன் அமைப்பு 1880ஆம் ஆண்டின் பிரெஞ்சு ஆணையோடு வந்தது. இன்றைய உள்ளாட்சிகளை நடத்துபவை 1973ஆம் ஆண்டின் புதுச்சேரிச் சட்டங்கள். மாவட்டத்தைக் கடல் ஒரு பக்கமும் தமிழ்நாடு மற்றப் பக்கங்களிலும் சூழ்ந்திருக்கின்றன. துறைகளின் இயக்குநரகங்கள் ஏறத்தாழ 130 கிலோமீட்டர் வடக்கே புதுச்சேரியில் இருக்கின்றன.

புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் உள்ளாட்சித் தேர்தல் 1968க்குப் பிறகு 38 ஆண்டுகள் கழித்து 2006இல் நடந்தது. அந்த மன்றங்களின் பதவிக்காலம் 2011இல் முடிந்தது. 2021இல் அறிவித்த தேர்தலும் நடக்காமல் நின்றது. மன்றம் இல்லாத காலத்தில் அதன் அதிகாரத்தையும் அந்தந்த உள்ளாட்சியின் ஆணையரே கையாள்கிறார். திட்டத்துக்கு இங்கு இரண்டு பாதகங்கள். வார்டு உறுப்பினர் இருந்தால் எந்த வீட்டில் எவர் படுத்திருக்கிறார் என்பது தானாகவே அலுவலகத்துக்கு வந்து சேரும்; அந்த வழி அடைபட்டிருக்கிறது. மத்திய நிதிக்குழு மாநிலங்களின் உள்ளாட்சிகளுக்குப் பரிந்துரைக்கும் மானியமும் ஒன்றியப் பகுதியான புதுச்சேரிக்கு வருவதில்லை. ஒரு சாதகமும் இல்லாமல் இல்லை. ஆறு ஆணையர்களும் ஆட்சியரும் ஒரே மேசையைச் சுற்றி உட்கார முடிகிற அளவுக்கு மாவட்டம் சிறியது. ஆகவே முறையான திட்டத்துக்கு மன்றம் வரட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை. ஆட்சியர் தலைமையில் ஒரு மாவட்டப் பணிக்குழுவும் ஒவ்வோர் உள்ளாட்சியிலும் பெயர் குறித்து நியமித்த ஒரு பொறுப்பு அலுவலரும் இருந்தால் போதும். பொறுப்பு அலுவலரின் பெயரும் தொலைபேசி எண்ணும் அலுவலக வாசலில் எழுதியிருக்க வேண்டும். இது அற்பமான ஏற்பாடாகத் தோன்றலாம். ஆனால், முதியோர் உதவித்தொகை மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டுத் துறையிலும் மாற்றுத்திறனாளி உதவித்தொகை சமூகநலத் துறையிலும் சிகிச்சை சுகாதாரத் துறையிலும் பிரிந்துகிடக்கும்போது, ஒரே வீட்டுக்காக மூன்று அலுவலகம் ஏறியிறங்குபவர் பராமரிப்பாளர்தான். அவர் வெளியே நிற்கும் நேரத்தில் நோயாளி வீட்டில் தனியாகக் கிடக்கிறார்.

பதிவேடு

முதல் கட்டம் எண்ணிப்பார்ப்பது. எண்ணுவதற்கு முன் கைக்கணக்காக ஓர் உத்தேசம் தேவை. 2011 கணக்கெடுப்பின்படி இந்தியாவில் 60 வயதைக் கடந்தவர்கள் 8.6 விழுக்காடு, ஏதேனும் ஓர் ஊனம் உள்ளவர்கள் 2.21 விழுக்காடு. இந்த விகிதத்தை இரண்டு லட்சம் பேருக்குப் போட்டால் சுமார் 17,000 முதியவர்களும் 4,400 மாற்றுத்திறனாளிகளும் வருகிறார்கள். காரைக்காலில் முதியோர் விகிதம் இதைவிடக் கூடுதலாக இருக்கும் என்று எடுத்துக்கொள்வதே பாதுகாப்பு. தென்னிந்தியா முழுவதும் அப்படித்தான். இவர்களில் பெரும்பாலோர் தங்கள் வேலையைத் தாங்களே பார்த்துக்கொள்பவர்கள். மற்றவர் கையை எதிர்பார்த்திருப்பவர்கள் ஆயிரக்கணக்கில் இருப்பார்களே தவிர லட்சத்தில் இல்லை. வீடு வீடாகச் சென்று எழுதி முடிக்கக்கூடிய எண்ணிக்கை அது.

எழுதும் வேலையை அங்கன்வாடி ஊழியரும் துணைச் சுகாதார நிலையச் செவிலியரும் பகிர்ந்துகொள்ளலாம். அவர்களோடு இன்னொரு கூட்டமும் மாவட்டத்தில் இருக்கிறது. 2016இல் மாணவர்களைச் சேர்க்கத் தொடங்கிய ஜிப்மரின் காரைக்கால் கிளையும் விநாயகா மிஷன்ஸ் மருத்துவக் கல்லூரியும் இங்கு உள்ளன. தேசிய மருத்துவ ஆணையத்தின் பாடத்திட்டப்படி எம்.பி.பி.எஸ். மாணவர்கள் கிராமத்துக் குடும்பங்களைத் தத்தெடுத்துத் தொடர்ந்து கவனிக்க வேண்டும். படுக்கையில் கிடப்பவர் உள்ள வீடுகளை அந்தத் தத்தெடுப்புப் பட்டியலில் சேர்க்கும்படி ஆட்சியர் கல்லூரி முதல்வர்களைக் கேட்டுக்கொள்ள ஒரு கடிதம் போதும்.

பதிவேட்டில் நோயாளிக்கு நான்கு ஐந்து கட்டங்கள் போதும்: நோய், எழுந்து நடமாடும் நிலை, குழாய் அல்லது புண் உண்டா, அடையாள அட்டை எண், ரேஷன் அட்டை சிவப்பா மஞ்சளா. பார்ப்பவருக்கான கட்டங்களில்தான் அக்கறை வேண்டும். அவர் வயது என்ன, நோயாளிக்கு என்ன உறவு, இதற்கு முன் என்ன வேலைக்கோ பள்ளிக்கோ போய்க்கொண்டிருந்தார், அது இப்போது நின்றுவிட்டதா, குறைந்துவிட்டதா, இரவில் எத்தனை முறை எழுகிறார், கடைசியாக எப்போது தன் உடம்புக்காக டாக்டரிடம் போனார், அவர் படுத்துவிட்டால் மாற்றாள் யார். கடைசிக் கேள்விக்கு யாருமில்லை என்ற பதில் வரும் வீடுகளே முதல் முன்னுரிமை. மனச்சுமையை அளக்க ஸாரிட் அளவுகோல் என்ற 22 கேள்விகள் கொண்ட வினாப்பட்டியல் உலகம் முழுவதும் பழக்கத்தில் உள்ளது. ஆனால் வீட்டு வாசலில் நின்று 22 கேள்வி கேட்பது நடைமுறைக்கு ஒத்துவராது. மேலே சொன்ன ஏழு கேள்விகள் முதல் வடிகட்டலுக்குப் போதும். சுமை மிகுந்த வீடுகளில் செவிலியர் உட்கார்ந்து விரிவாகக் கேட்கலாம்.

மாமியார் முன்னால் மருமகளிடம் கஷ்டமா என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். தனியாகக் கேட்க வேண்டும். திருமலைராயன்பட்டினம், காரைக்கால் நகரம் போன்ற இடங்களில் பல வீட்டு ஆண்கள் வளைகுடா நாடுகளிலோ சிங்கப்பூரிலோ பிரான்சிலோ இருக்கிறார்கள். பணம் வருகிறது, ஆள் இல்லை. மாடி வீட்டைப் பார்த்து இவர்களுக்கென்ன குறை என்று கணக்கெடுப்பவர் கடந்துபோனால், எழுபது வயது மனைவி எண்பது வயதுக் கணவரைத் தனியாகத் தூக்கி உட்காரவைக்கும் வீடு விடுபட்டுப்போகும். வருமானத்தை வைத்து உதவித்தொகையை வரையறுக்கலாம். பதிவேட்டை வரையறுக்கக் கூடாது.

எந்த நேரத்தில் என்ன உதவி

பராமரிப்பாளருக்கு என்ன வேண்டும் என்று கேட்டதும் பணம் என்ற பதில் முதலில் வரும். அது நியாயமான பதில். ஆனால் பெரும்பாலான வீடுகளில் பணம் நின்றுபோனதற்குக் காரணமே நேரம் நின்றுபோனதுதான். எந்த நேரம் என்பது தொழிலுக்குத் தொழில் மாறும் என்பதால், காரைக்காலில் ஒரே அச்சில் சேவையை வார்க்க முடியாது.

மீன் விற்கும் பெண் ஒருவரை எடுத்துக்கொள்ளலாம். கிளிஞ்சல்மேடு, காரைக்கால்மேடு, பட்டினச்சேரி போன்ற கடற்கரைக் கிராமங்களில் இத்தகைய குடும்பம் அரிதல்ல. விடியற்காலையில் துறைமுகத்தில் ஏலம் எடுத்தால்தான் அன்றைய கூடையில் மீன் இருக்கும். கணவர் ஸ்ட்ரோக்கில் விழுந்தபின் அதே விடியற்காலையில்தான் அவரைப் புரட்டிப்போட்டு, யூரின் பையை மாற்றி, உடம்பைத் துடைத்து, ராத்திரி நனைந்த துணியை அலசி, கஞ்சி கொடுக்க வேண்டியிருக்கிறது. ஏழு மணிக்கு அவர் துறைமுகம் போய்ச் சேரும்போது நல்ல மீன் போய்விட்டிருக்கும். மிச்சத்தை வாங்கி, பாதி விலைக்கு விற்று, பதினோரு மணிக்குள் திரும்ப வேண்டும். இந்த வீட்டுக்குப் பகல் பன்னிரண்டு மணிக்கு வரும் செவிலியரால் நோயாளியின் புண் ஆறலாம், வீட்டின் வருமானம் திரும்பாது. வேண்டியது காலை நான்கரை முதல் எட்டரை வரை ஒரு மாற்றாள்.

திருநள்ளாறு, நெடுங்காடு பக்கத்து விவசாயக் கூலி வீட்டில் நிலைமை வேறு. வருஷத்தில் நடவு, களை, அறுவடை என்று சில வாரங்களில்தான் கூலி கிடைக்கிறது. அந்த வாரங்களில் முழுநாளும் ஆள் வேண்டும். மற்ற மாதங்களில் அவசியமில்லை. நகரத்துக் கடையில் வேலை பார்க்கும் மகளுக்கோ காலை ஒன்பது முதல் இரவு எட்டு வரை. இந்த மூன்று வகையையும் பதிவேட்டில் பிரித்துவிட்டால், எந்த உள்ளாட்சிக்கு எந்த நேர மாற்றாள் எத்தனை பேர் வேண்டும் என்பது தானே வெளிவரும்.

மாற்றாள் சேவைக்கு மகளிர் சுய உதவிக் குழுக்களே இயல்பான இடம். அந்தந்தத் தெருவைச் சேர்ந்த பெண்களுக்குப் பயிற்சியும் மணிக்கணக்கில் ஊதியமும் கொடுத்து அமர்த்தலாம். ஆண் நோயாளியைக் குளிப்பாட்ட வெளிப்பெண்ணை வீட்டார் ஏற்கமாட்டார்கள் என்பதால் சில ஆண்களும் பட்டியலில் இருக்க வேண்டும். தேசிய அறக்கட்டளையின் சஹயோகி திட்டம் பராமரிப்பாளர் பயிற்சிக்கென்றே வகுத்தது. பாடத்தை அங்கிருந்து எடுத்துக்கொள்ளலாம். இந்த ஊதியத்தைக் குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வைத்துச் சேவை மனப்பான்மை என்று பெயர் சூட்டக் கூடாது. சம்பளமில்லாத ஒரு பெண்ணுக்கு ஓய்வு கொடுக்க அரைச் சம்பளத்தில் இன்னொரு பெண்ணை வேலை வாங்குவது திட்டமாகாது.

வீட்டுக்கு வரும் செவிலியர்: கேரளத்தின் அனுபவம்

இந்தியாவில் உள்ளாட்சியே வீட்டுப் பராமரிப்பைக் கையில் எடுத்த முன்மாதிரி கேரளம். மலப்புறம் மாவட்டத்தில் 1990களின் இறுதியில் தொடங்கிய அக்கம்பக்க வலித்தணிப்பு வலைப்பின்னல், 2008இல் மாநிலக் கொள்கையாக உயர்ந்தது. அதன்பின் கேரளத்தின் ஊராட்சிகள் தங்கள் திட்ட நிதியிலிருந்து பயிற்சி பெற்ற சமூகச் செவிலியரை அமர்த்தி, வண்டி ஏற்பாடு செய்து, படுக்கையில் கிடப்போரின் வீட்டுக்கு முறை வைத்து அனுப்பின. செவிலியரோடு ஊர்த் தொண்டர்களும் போவார்கள். காயத்துக்குக் கட்டு, குழாய் மாற்றம், வலி மாத்திரை ஆகியவற்றோடு வீட்டில் இருப்பவரிடம் பத்து நிமிடம் உட்கார்ந்து பேசுவதும் அந்த வருகையின் பகுதி. மாநில மகளிர் குழு அமைப்பான குடும்பஸ்ரீயோடு சேர்ந்து உள்ளாட்சிகள் நடத்தும் பட்ஸ் பள்ளிகள், அறிவுத்திறன் குறைபாடுள்ள பிள்ளைகளைப் பகலில் பார்த்துக்கொள்கின்றன. படுக்கை நோயாளியின் பராமரிப்பாளருக்கு மாதம் 600 ரூபாய் கொடுக்கும் ஆஸ்வாசகிரணம் திட்டமும் அங்கு உண்டு. தொகை சிறியது, மாதக்கணக்கில் நிலுவை விழுந்தது என்ற புகாரும் அடிக்கடி எழுகிறது. இந்தத் திட்டத்திலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியதும் கவனமாக இருக்க வேண்டியதும் அதுவே: படி அறிவிப்பது எளிது, மாதாமாதம் தவறாமல் கொடுப்பதற்குத் தனி வரவுசெலவுத் தலைப்பு வேண்டும்.

காரைக்காலைப் போலவே புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த மாஹே, கேரளத்தின் நடுவே இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் நடப்பதை அந்த ஊர் அதிகாரிகள் நாள்தோறும் பார்க்கிறார்கள். அங்கிருந்து ஓர் அலுவலரைக் காரைக்கால் பணிக்குழுவுக்கு அழைத்துப் பேசவைப்பது எந்தக் கருத்தரங்கைவிடவும் பயன்படும்.

தமிழ்நாட்டின் மக்களைத் தேடி மருத்துவம் இன்னும் அருகில் இருக்கிறது. 2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தின் சாமனப்பள்ளியில் தொடங்கிய அத்திட்டத்தில், ரத்த அழுத்தம், சர்க்கரை மாத்திரைகள் வீட்டுக்கே வருகின்றன. இயன்முறை மருத்துவமும் வலித்தணிப்புச் சிகிச்சையும் வீட்டிலேயே கிடைக்கின்றன. நாகூரிலும் பொறையாரிலும் உள்ள நோயாளி இதற்குள் வருகிறார். நடுவில் உள்ள திருமலைராயன்பட்டினத்து நோயாளி வருவதில்லை. எல்லைக் கோடு சில இடங்களில் வயலின் நடுவே போகிறது. மகளைப் பொறையாரில் கட்டிக்கொடுத்த தாய் ஆறு மாதம் அங்கும் ஆறு மாதம் கோட்டுச்சேரியிலும் படுத்திருந்தால், இரண்டு அரசின் பட்டியலிலிருந்தும் விழுந்துவிடுகிறார். நாகப்பட்டினம், மயிலாடுதுறை ஆட்சியர்களோடு காரைக்கால் ஆட்சியர் செய்துகொள்ளும் எழுத்துப்பூர்வமான ஏற்பாடு இதற்குத் தீர்வு: நோயாளி எங்கே படுத்திருக்கிறாரோ அங்குள்ள செவிலியர் பார்க்கட்டும், உதவித்தொகை அட்டை உள்ள ஊரிலிருந்து வரட்டும்.

ஒரு செவிலியருக்கு எத்தனை வீடு என்பதைக் கணக்குப் போட்டே முடிவுசெய்ய வேண்டும். காரைக்கால் போன்ற சிறிய பரப்பில் இருசக்கர வண்டியில் நாளுக்கு ஐந்தாறு வீடு போகலாம். மாதம் 22 வேலைநாள் என்றால் 110 முதல் 130 வருகை. ஒவ்வொரு படுக்கை நோயாளிக்கும் மாதம் இரு முறை என்று வைத்தால், ஒருவர் 55 முதல் 65 வீடு வரை சமாளிப்பார். அதற்கு மேல் ஏற்றினால் வருகைப் பதிவேடு நிரம்பும், சிகிச்சை இருக்காது.

பொருள், பணம், காகிதம்

வாட்டர் பெட், காற்று மெத்தை, சக்கர நாற்காலி, வாக்கர், படுக்கைக் கழிகலம், கட்டில் சாய்மானம் ஆகியவற்றை வாங்கி வைத்து இரவல் கொடுக்கும் கிடங்கு ஒவ்வொரு கொம்யூனிலும் இருப்பது நல்லது. நோயாளி இறந்தபின் வீட்டில் மூலையில் கிடக்கும் கட்டிலையும் நாற்காலியையும் பலர் தாமாகவே கொடுக்க முன்வருவார்கள். கழுவிக் கிருமிநீக்கம் செய்து பழுதுபார்த்துத் திருப்பிக் கொடுக்க ஒருவரும் எழுதிவைக்க ஒரு நோட்டும் இருந்தால் கிடங்கு ஓடும். டயப்பரும் கையுறையும் மாதாமாதம் செலவாகும் பொருள்கள். பல வீடுகளில் மருந்தைவிட இவற்றுக்கே அதிகம் போகிறது. ஆகவே இவை வருடாந்திர ஒதுக்கீட்டில் வர வேண்டும்.

இதற்கெல்லாம் பணம் எங்கிருந்து என்பதில் ஒரு பாகுபாடு அவசியம். நிரவியில் இயங்கும் ஓ.என்.ஜி.சி.யின் காவிரிப் படுகைப் பிரிவு, வாஞ்சூர்த் துறைமுகம் போன்ற பெரிய நிறுவனங்கள் இம்மாவட்டத்தில் இருக்கின்றன. 2013ஆம் ஆண்டின் நிறுவனங்கள் சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் சராசரி நிகர லாபத்தில் 2 விழுக்காட்டைச் சமூகப் பணிக்குச் செலவிடச் சொல்கிறது. கட்டில், வண்டி, கட்டடம் போன்ற ஒருமுறைச் செலவுகளை அங்கே கேட்கலாம். நாடாளுமன்ற உறுப்பினர் தொகுதி நிதியும் அப்படியே. செவிலியர் ஊதியத்தையும் மாற்றாள் கூலியையும் இவற்றின் தலையில் கட்டக் கூடாது. நிறுவனத்தின் அடுத்த வருஷ விருப்பம் பள்ளிக்கூடக் கழிப்பறையாக மாறிவிட்டால், காலை நான்கரைக்கு வரும் ஆள் வரமாட்டார். தொடர்செலவு உள்ளாட்சியின் சொந்த வருவாயிலும் புதுச்சேரி அரசின் மானியத்திலும் தனித் தலைப்பாக இருக்க வேண்டும்.

காகித வேலையில் உள்ளாட்சி செய்யக்கூடியது ஏராளம், செலவோ சொற்பம். தனித்துவ ஊன அடையாள அட்டைக்கு மருத்துவச் சான்று தேவை. படுக்கை நோயாளியை ஆட்டோவில் சாய்த்து அரசுப் பொது மருத்துவமனைக்குக் கொண்டுபோவதற்குப் பதிலாக, மருத்துவக் குழு மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு கொம்யூனுக்கும் வந்து வீட்டிலேயே பார்த்துச் சான்று தரலாம். ஓய்வூதியக்காரர்களின் வருடாந்திர உயிர்வாழ் சான்றை முக அடையாளம் மூலம் கைபேசியிலேயே பதிவுசெய்யும் வசதி ஜீவன் பிரமாண் திட்டத்தில் உள்ளது. பிரெஞ்சு அரசின் ஓய்வூதியம் பெறும் குடும்பங்களுக்கும் இதே போன்ற சான்று தேவை. அதற்கான கையொப்பத்தை ஆணையர் அலுவலக ஊழியர் வீட்டுக்கே வந்து வாங்கிப்போகலாம். 70 வயது நிறைந்தவர்களுக்கு 2024 அக்டோபரில் தொடங்கிய ஆயுஷ்மான் வய வந்தனா அட்டையில், வருமானம் பார்க்காமல் வருடத்துக்கு ஐந்து லட்சம் ரூபாய் வரை ஆஸ்பத்திரிச் செலவு உண்டு. வீட்டில் நடக்கும் பராமரிப்பு அதில் சேராது என்பதைச் செவிலியர் முதலிலேயே சொல்லிவிட வேண்டும்; இல்லாவிட்டால் அட்டை கையில் இருக்கிறதே என்று குடும்பம் ஏமாறும்.

பராமரிப்பாளரின் உடம்பும் மனமும் தனிக் கவனம் கேட்பவை. நோயாளியைப் பார்க்க வரும் செவிலியர் அதே வருகையில் பார்ப்பவரின் ரத்த அழுத்தத்தையும் சர்க்கரையையும் பார்த்து எழுதினால் கூடுதலாக ஐந்து நிமிடம்தான் ஆகும். முதுகுவலி இத்தொழிலின் நோய். சேலையை மடித்து அடியில் போட்டு நோயாளியை நகர்த்துவது, முழங்காலை மடக்கிவைத்துப் புரட்டுவது போன்ற நுட்பங்களை ஒரு பிற்பகலில் கற்றுக்கொடுத்துவிடலாம். இரண்டு மணிக்கு ஒருமுறை புரட்ட வேண்டும் என்று டாக்டர் சொல்லி அனுப்புகிறார். ஒற்றை ஆளாக எப்படிப் புரட்டுவது என்பதை யாரும் காட்டி அனுப்புவதில்லை. மனச்சோர்வுக்கு டெலி மானஸ் 14416, முதியோர் தொடர்பான உதவிக்கு எல்டர்லைன் 14567 ஆகிய எண்களைப் பதிவேட்டில் பெயர் சேர்க்கும் நாளிலேயே எழுதிக் கொடுக்க வேண்டும்.

ஐப்பசி, கார்த்திகை

கடலோரக் கழிமுகத்தில் பராமரிப்புத் திட்டத்துக்குப் புயல்காலப் பகுதி ஒன்று கட்டாயம் வேண்டும். 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலை காரைக்காலில் நூற்றுக்கணக்கானோரைக் கொண்டுபோனது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தபோது இந்த மாவட்டமும் அடிவாங்கியது. ஒலிபெருக்கியில் முகாமுக்குப் போகச் சொல்லும்போது நடக்க முடிந்தவர்கள் போய்விடுகிறார்கள். படுத்திருப்பவரை விட்டுவிட்டு வர மனமில்லாமல் பார்ப்பவரும் வீட்டிலேயே தங்கிவிடுகிறார். ஆக ஒரு வீட்டில் ஆபத்துக்குள்ளாவது இருவர்.

பதிவேடு கையில் இருந்தால் இதைத் தவிர்க்கலாம். புரட்டாசிக்குள் ஒவ்வொரு கடற்கரைக் கிராமத்துக்கும் அரசலாறு, திருமலைராஜனாற்றுக் கரைகளில் உள்ள தாழ்வான தெருக்களுக்கும் தனிப் பட்டியல் எடுத்து, எந்த வீட்டுக்கு எந்த வண்டி, தூக்க எந்த இரண்டு பேர் என்று பெயரோடு எழுதிவைக்க வேண்டும். முகாமாகப் பயன்படும் பள்ளியில் தரைத்தளத்தில் ஓர் அறையைப் படுக்கை நோயாளிகளுக்கு ஒதுக்கி, கட்டிலும் மறைப்புத் திரையும் கழிப்பிடமும் உறுதிசெய்ய வேண்டும். மின்சாரம் போனால் காற்று மெத்தையும் ஆக்சிஜன் கருவியும் நின்றுபோகும் வீடுகளுக்கு ஜெனரேட்டர் உள்ள இடம் முன்கூட்டியே தெரிந்திருக்க வேண்டும். இரண்டு வார மருந்து, குழாய், கட்டுத்துணி ஆகியவற்றைப் புயல் எச்சரிக்கைக்கு முன்பே வீட்டில் இறக்கிவைப்பது செவிலியரின் ஐப்பசி மாத வேலை.

திட்டத்தின் கால அளவும் மறு ஆய்வும்

2000ஆம் ஆண்டில் நீண்டகாலப் பராமரிப்புக் காப்பீட்டைத் தொடங்கிய ஜப்பானில், அதை நடத்துபவை நகராட்சிகளே. மூன்று வருடத்துக்கு ஒருமுறை அவை தங்கள் திட்டத்தைப் புதிதாக எழுதுகின்றன. ஸ்காட்லாந்தின் 2016ஆம் ஆண்டுச் சட்டம் இன்னொரு படி மேலே போய், பராமரிப்பாளருக்கென்றே உள்ளூர்த் திட்டம் எழுதி வெளியிடுவதையும், குறுகிய ஓய்வுக்கு என்னென்ன வழி இருக்கிறது என்று அறிவிப்பதையும் உள்ளாட்சியின் கடமையாக்கியது. அங்குள்ள நிதிவசதி இங்கு இல்லை. ஆனால் மூன்று வருடச் சுற்றும், எழுதி வெளியிடும் வழக்கமும் நிதி கேட்பவை அல்ல.

காரைக்காலுக்கு இந்தக் கால அளவு பொருந்தும். முதல் ஆறு மாதம் பதிவேடும் பொறுப்பு அலுவலர் நியமனமும். நிதியாண்டுத் தொடக்கத்துக்குள் வரவுசெலவில் தனித் தலைப்பு. முதல் ஆண்டில் எல்லா உள்ளாட்சியிலும் சிறிதளவு செய்வதைவிட, ஒரு மீனவக் கிராமத் தொகுப்பிலும் ஒரு விவசாயக் கொம்யூனிலும் முழுமையாகச் செய்து பார்ப்பது மேல். நேரக் கணக்கு எங்கே பிசகுகிறது என்பது அப்போதுதான் தெரியும். இரண்டாம் ஆண்டில் மற்ற உள்ளாட்சிகள். மூன்றாம் ஆண்டில் மறு ஆய்வு.

மறு ஆய்வில் எதை அளப்பது என்பதில் தவறு நேர்வது வழக்கம். எத்தனை வீட்டுக்குப் போனோம், எத்தனை மெத்தை கொடுத்தோம் என்ற எண்கள் அலுவலகத்தின் உழைப்பைக் காட்டுமே தவிரப் பராமரிப்பாளரின் நிலையைக் காட்டா. பதிவேட்டின் அதே ஏழு கேள்விகளைத் திரும்பக் கேட்பதே சரியான அளவை. நின்றுபோன வேலைக்கு எத்தனை பேர் திரும்பினார்கள், மாற்றாள் யாருமில்லை என்று சொன்ன வீடுகள் எத்தனை குறைந்தன, பள்ளியிலிருந்து நின்ற பிள்ளைகளில் எத்தனை பேர் மறுபடி சேர்ந்தார்கள், கடந்த ஓராண்டில் எத்தனை பராமரிப்பாளர்கள் தங்களுக்காக டாக்டரைப் பார்த்தார்கள். இந்த எண்களை ஆணையர் அலுவலகப் பலகையில் ஒட்டி, பராமரிப்பாளர்களையே அழைத்து ஒரு கூட்டம் நடத்த வேண்டும். கூட்டம் நடக்கும் மூன்று மணி நேரமும் அவர்கள் வீட்டுக்கு மாற்றாள் போக ஏற்பாடு செய்யாவிட்டால், அந்தக் கூட்டத்துக்கு வருபவர்கள் அதிகாரிகள் மட்டுமே.

நோயாளி இறந்ததும் வீட்டின் பெயரைப் பதிவேட்டிலிருந்து அடித்துவிடுவதும் சரியல்ல. பத்து வருஷம் வேலையை விட்டிருந்த பெண்ணுக்கு அதற்குப் பிறகுதான் வருமானத்தின் கேள்வி எழுகிறது. நோயாளியின் உதவித்தொகையும் அந்த மாதத்தோடு நின்றுவிடுகிறது. குறைந்தது ஓர் ஆண்டுக்கு அவர் பெயர் பதிவேட்டில் தொடர வேண்டும். விதவை உதவித்தொகைக்குத் தகுதி இருந்தால் விண்ணப்பத்தைப் பொறுப்பு அலுவலரே எழுதி அனுப்ப வேண்டும். புண் ஆற்றவும் குழாய் பார்க்கவும் அனுபவத்தில் கற்ற அவரை, விருப்பம் இருந்தால், மாற்றாள் பட்டியலில் ஊதியத்தோடு முதலில் சேர்க்க வேண்டும்.